வெப்பம் நுழையும் கூரை: சென்னை வீட்டுக்குக் குளிர்நாட்டு இலக்கணம் பொருந்துமா?

1. கேள்வி

மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கிற, குடியிருப்பவர்களின் உடல்நலத்தைக் கெடுக்காத வீடு எப்படி இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்று அதிகம் எடுத்துக்காட்டப்படும் விடை குளிர்நாட்டில் பிறந்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், கிரானிக்ஸ்டைன் பகுதியில் ஒரே வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளில் 1991-இல் மக்கள் குடியேறினர். ஜெர்மானியரான வொல்ஃப்காங் ஃபைஸ்ட்டும் ஸ்வீடனைச் சேர்ந்த போ ஆடம்சனும் வகுத்த 'பாசிவ்ஹவுஸ்' நெறி அங்கேதான் முதன்முதலாகச் செங்கல்லும் கண்ணாடியுமாக எழுந்தது. தடித்த வெப்பக்காப்பு, இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி, விரிசல் இல்லாத இறுக்கம், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டு உள்வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவி ஆகியவை அதன் கூறுகள். ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அதன் அளவுகோல்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்கும்போது இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இடுக்கு அடைக்கும் ரப்பர் பட்டை, உட்கூரை என்ற வரிசையில் இந்தக் குளிர்நாட்டு இலக்கணம் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. இதற்கு எதிர்முனையில் இன்னொரு நம்பிக்கை நிற்கிறது: 'முற்றம் வைத்த பழைய வீட்டில் ஃபேனே தேவைப்படவில்லை, அதற்குத் திரும்பினால் போதும்.' இரண்டுமே முழுமையாகச் சோதிக்கப்படாமல் கைமாறுபவை. சென்னையின் வெயில், ஈரம், மனையளவு ஆகியவற்றை வைத்து இவ்விரண்டையும் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. சென்னையின் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னை 'வெப்ப ஈர' மண்டலத்தில் வருகிறது. லே 'குளிர்' மண்டலத்தில். லேயை அடுத்த ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் கல்வி வளாகத்தில், தெற்கு நோக்கிய கண்ணாடியும் பருத்த மண்சுவரும் பனிக்காலச் சூரியனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அங்கே சூரியன் விருந்தாளி. சென்னையில் அதே சூரியனை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது.

நிறுத்துவது எங்கே என்பதுதான் கணக்கு. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கோடையில் தெற்குச் சுவர் பெரும்பாலும் நிழலில் இருக்கிறது. வடக்குச் சுவர் ஓரளவு வெயிலைப் பெறுகிறது. அதற்கு இரண்டடி சன்ஷேட் போதும். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலைக் கிழக்கு, மேற்குச் சுவர்கள் நேராக வாங்கிக்கொள்கின்றன. அவற்றின்மேல் எத்தனை அடி சன்ஷேட் போட்டாலும் நான்கு மணி வெயில் அதற்குக் கீழே புகுந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட அதிக வெயிலை, அதிக நேரம் வாங்குவது கூரை.

இரட்டைக் கண்ணாடி விஷயத்தை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். ஜெர்மானியக் குளிர்காலத்தில் உள்ளே 20 டிகிரி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரி என்றால் கண்ணாடியின் இருபுறமும் 30 டிகிரி வேறுபாடு. சென்னையின் மே மாதத்தில் வெளியே 37, குளிரூட்டிய அறையில் 27 என்றால் வேறுபாடு 10 டிகிரிதான். ஒற்றைக் கண்ணாடி ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.8 வாட் கடத்தும். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதில் பாதி. அப்படியானால் இங்கே மிச்சம் சதுர மீட்டருக்கு 30 வாட்டை ஒட்டி வரும். அதே ஜன்னல் மேற்குப் பார்த்திருந்தால், மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல் அதன்மீது விழுகிறது. தெளிந்த கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஒரு மூங்கில் தட்டி செய்கிற வேலையில் சிறு பங்கை மட்டுமே விலையுயர்ந்த அந்த இரட்டைக் கண்ணாடி செய்கிறது. சாலை இரைச்சலைக் குறைக்க அதை வாங்குவதில் தவறில்லை. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார்.

3. மயிலாப்பூர் வீடு உண்மையில் குளிர்ந்திருந்ததா

மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான்: திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், கூடம், பின்கட்டு, கிணறு. அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. இவ்வீடுகள் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டவை. நீண்ட பக்கச் சுவர் இரண்டின்மீதும் வெயில் படுவதே இல்லை. முன்புறம், பின்புறம், கூரை ஆகிய மூன்று வழிகளில் மட்டுமே வெயிலுக்கு அனுமதி. இன்றைய ஃப்ளாட் நான்கு பக்கமும் ஐந்தடி இடைவெளி விட்டு நிற்கிறது. நான்கு சுவர்களும் தம் முறைக்கு வெயிலை வாங்குகின்றன. அந்த ஐந்தடிச் சந்தில் காற்றும் ஓடுவதில்லை. வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று விடப்பட்ட அந்த இடைவெளியை இன்று ஏ.சி. வெளிக்கருவிகள் அடைத்துக்கொண்டு, அறைகளிலிருந்து இழுத்த வெப்பத்தை அதற்குள்ளேயே கொட்டுகின்றன. கட்டடத்தின் நடுவே விடப்படும் ஓ.டி.எஸ். எனும் திறந்த கூண்டின் கதியும் இதுதான்.

அந்தப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்தரங்கள். அவற்றின்மேல், முட்டுப்பலகை எதுவும் இல்லாமல், ஓர் அங்குல கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவிட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார் கொத்தனார். அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அதை அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு. இந்த வேலைத்திறன் அழிந்துவிடவில்லை. 2012-இல் தீயில் சிதைந்த சேப்பாக்கம் கலஸ் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பைக் கொண்டே மீட்டெடுத்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். எட்டு அங்குலத்தை ஒட்டிய செங்கல்–சுண்ணாம்புக் கனத்துக்குப் பொதுவான கடத்துதிறன் மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால், மெட்ராஸ் டெரஸ் ஒரு டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 2 வாட்டுக்குச் சற்று மேல் கடத்துகிறது. ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் வெறுமனே இருந்தால் 3 வாட்டுக்கு மேல். பழைய கூரை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு கூரைக்கு விதித்த உச்சவரம்பு 1.2 வாட். நாம் கொண்டாடும் மெட்ராஸ் டெரஸ் அந்தத் தேர்வில் தேறாது.

அப்படியென்றால் அந்த வீடுகளைப் பற்றிய நினைவு பொய்யா? பொய்யில்லை, ஆனால் அது பாதி உண்மை. கனமான கூரை வெப்பத்தைத் தடுக்கவில்லை, தாமதப்படுத்தியது. நண்பகலில் மேல்தளத்தைத் தாக்கிய வெப்பம் ஆறேழு மணி நேரம் கழித்தே உள்ளே எட்டும். அதனால் பகலில் கூடம் குளுமையாக இருந்தது. இரவு எட்டு மணிக்கு உத்தரத்திலிருந்து அனல் இறங்கும்போது வீட்டார் உள்ளே இல்லை. மொட்டை மாடியிலோ, திண்ணையிலோ, முற்றத்திலோ பாயை விரித்திருந்தார்கள். அந்த வீட்டின் வெப்பத் திட்டத்தில் கட்டடம் பாதி, படுக்கும் பழக்கம் மறுபாதி. திருட்டு பயம், கொசு, சுற்றிலும் எழுந்த மாடிகள் ஆகியவை இந்தப் பழக்கத்தை முடித்துவைத்தன. கூரையும் மெலிந்தது, மனிதர்களும் இரவில் அதன் கீழே அடைபட்டார்கள். இந்த இரட்டை மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் 'முற்றத்துக்குத் திரும்புவோம்' என்று சொல்வது அழகான ஆசையாகவே நின்றுவிடும். அந்த வீடுகளின் உடல்நலக் குறைகளும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை: விறகடுப்புப் புகை நிறைந்த சமையலறையில் நாளெல்லாம் நின்றவர்கள் பெண்கள். வெளிச்சமே இல்லாத நடு அறைகளும் அங்கே இருந்தன.

4. பாடநூலும் ஊரும்

வெப்பமண்டல வீடமைப்புக்கான அடிப்படை நூல்களில் ஒன்று, ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரும் மூவரும் எழுதி 1974-இல் வெளியானது. கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். இந்திய வெயிலை அனுபவத்தில் அறிந்தவர். வெப்ப ஈர நிலத்துக்கு அந்த நூல் பரிந்துரைப்பது, காற்று ஊடுருவ ஓர் அறை அகலமே உள்ள, ஒன்றையொன்று நெருங்காத, கனம் குறைந்த, திறப்புகள் பெரிதான கட்டடங்களை. மயிலாப்பூர் வீடோ கனமானது, நெருக்கமானது, ஆழமானது. அடையாற்றுப் பக்கத்துத் தோட்ட வீடுகளும், 1940-களின் இறுதியில் கூட்டுறவு முறையில் எழுந்த காந்தி நகரின் தொடக்ககால வீடுகளும், தாழ்வாரத்தோடும் மரங்களோடும் பாடநூலுக்கு நெருங்கி நின்றன. நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவாக்கிய தியாகராய நகரின் பங்களாக்களும் அப்படியே.

பாடநூல் சரியா, மயிலாப்பூர் சரியா? இரண்டையும் ஒரே ஊர் அனுமதிக்கிறது என்பது என் முடிவு. சென்னை ஆண்டு முழுவதும் ஒரே வகை ஈர வெப்பம் கொண்ட ஊராக இருப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தை ஒட்டிய நாள்களில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசுகிறது. கடற்காற்று பிற்பகலில் தாமதமாகவே உள்ளே வருகிறது, சில நாள்களில் வருவதே இல்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரி அத்தகைய நாள் ஒன்றின் விளைவு. அந்த நேரத்தில் ஜன்னலை அடைத்துக் கனமான சுவருக்குள் இருப்பதே அறிவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை தலைகீழ். காற்றோட்டம் இல்லாத கனமான சுவர் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூஞ்சை பிடிக்கும். ஒரே வீடு இரண்டு விதமாக நடந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்: அடைக்கவும் முடிய வேண்டும், முழுமையாகத் திறக்கவும் முடிய வேண்டும்.

திறப்பதில்தான் இன்றைய ஃப்ளாட்டின் பெருங்குறை இருக்கிறது. 2018 விதித்தொகுப்பு வெப்ப ஈர மண்டலத்தில் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. குளிர் மண்டலத்துக்கு அதில் பாதியான 8.33 விழுக்காடு போதும். விதியின் கணக்கு வீடு முழுவதற்கும் சேர்த்துப் போடுவது. புரிதலுக்காகப் பத்துக்குப் பன்னிரண்டடிப் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடிக்கு 20 சதுர அடி திறப்பு தேவை. ஐந்துக்கு நான்கடி ஜன்னல் வைத்தால் சரியாக வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அது யு.பி.வி.சி. நகரும் ஜன்னலாக இருந்தால், ஒரு கதவு மற்றொன்றின் பின்னால் போய் நிற்கும். திறப்பது 10 சதுர அடிதான். வெளிப்பக்கம் விரியத் திறக்கும் பழைய மரக்கதவு ஜன்னலில் ஏறத்தாழ முழுப் பரப்பும் திறக்கும். நகரும் ஜன்னல் இடத்தை அடைக்காது, கொசுவலை பொருத்த எளிது என்பதால் பரவிவிட்டது. அந்தக் கொசுவலையும் காற்றின் வேகத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறது. பழைய வீடுகளில் லிண்டலுக்கு மேல் இருந்த வெண்டிலேட்டர், சூடான காற்று வெளியேறும் வழியாக இருந்தது. லாஃப்ட் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

5. உடல்நலம்: எண் இல்லாத பக்கம்

உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி, உடல்நல வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று எண் குறிப்பிட்டுச் சொல்கிறது. வெப்பத்துக்கு அப்படி ஓர் உச்ச எண்ணை அது தரவில்லை. காப்பு நடவடிக்கைகள் தேவை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. குளிர்நாட்டு முதியவருக்கு எண் வடிவில் ஒரு காவல் இருக்கிறது. மேல்மாடியில் தனியே வசிக்கும் மயிலாப்பூர் முதியவருக்கு இல்லை. எத்தனை டிகிரியில் அவரது அறை வாழத் தகாததாகிறது என்பதை நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வரையறுக்க வேண்டிய கடமை நிலுவையில் நிற்கிறது.

சௌகரியம் பற்றி மட்டும் உள்நாட்டு ஆய்வு உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை, பெங்களூரு, டெல்லி, அகமதாபாத், சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் நடத்திய கள ஆய்வு, ஜன்னல் திறந்த கட்டடங்களில் பழகிய இந்தியர்கள் கோடையில் 30 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டியது. ஃபேன் காற்றுள்ள நம் வீடுகளில் 24 டிகிரிக்குக் கீழே ஏ.சி.யை இறக்குவதற்குக் காலநிலைக் காரணம் இல்லை. நட்சத்திரக் குறி பெறும் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ரிமோட்டில் கீழே இறக்குவதை அது தடுக்கவில்லை.

அப்படி இறக்கும்போது நடப்பதை ஒரு சுவரில் பார்க்கலாம். மே, ஜூன் மாதங்களில் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியைச் சுற்றியே இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். படுக்கையறையை 19 டிகிரியில் இரவெல்லாம் வைத்தால், அடுத்த அறையோடு பகிரும் சுவரும், மேல்வீட்டுத் தரையும் அந்த நிலைக்குக் கீழே இறங்குகின்றன. மறுபக்கத்து அலமாரியின் பின்புறம் ஈரம் கசிந்து கறுப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியாகக் கிளம்புவது இதனால்தான். பெயின்டர் வந்து புட்டி வைத்து மூடிவிட்டுப் போவார். அடுத்த கோடையில் அதே இடத்தில் மீண்டும் வரும். குளிர்நாட்டில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளிச்சுவரை நோக்கிப் போகிறது. ஆகவே ஆவித்தடுப்புத் தாளை உட்புறம் ஒட்டுகிறார்கள். இங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அந்த நாட்டு வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் ஈரம் சுவருக்குள் சிறைப்படும்.

இறுக்கமாக அடைப்பதும் அப்படித்தான். பாசிவ்ஹவுஸ் இறுக்கமானது, ஆனால் அதில் புதுக்காற்றுக்கென்று தனிக் கருவி ஓயாமல் ஓடுகிறது. நம் ஸ்பிளிட் ஏ.சி. உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. இடுக்கெல்லாம் அடைத்த அறையில் நால்வர் தூங்கினால் விடியும்வரை தாம் விட்ட மூச்சையே அவர்கள் இழுக்கிறார்கள். அந்த அறைக்குள் கொசுவர்த்திச் சுருளையும் ஏற்றினால் தீங்கு பெருகுகிறது: ஒரு சுருள் வெளியிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழக ஊர்ப்புறச் சமையலறைப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறது. நகரத்து அடைபட்ட படுக்கையறைக்கும் அத்தகைய பொறுமையான அளவீடு வேண்டும்.

6. செய்யக்கூடியதும் செய்யாமல் இருப்பதும்

குளிர்நாட்டு இலக்கணத்தில் நமக்கு உண்மையில் பயன்படும் ஒரே பெரிய கூறு வெப்பக்காப்பு. அதுவும் முதலில் கூரைக்கு. வெறும் கான்கிரீட் தளத்தின்மேல் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். எனும் வெப்பக்காப்பு நுரைப் பலகை பதித்தாலே கடத்தல் 3 வாட்டிலிருந்து 1 வாட்டை ஒட்டி இறங்கி 1.2 வரம்புக்குள் வந்துவிடும். பலகையைத் தளத்தின் மேல்புறம் வைக்க வேண்டும். கீழே உட்கூரையாக வைத்தால் கான்கிரீட் தொடர்ந்து வெந்து, விரிந்து சுருங்கி, வெடிப்பு விட்டு, மழைக்காலத்தில் ஒழுகும். பலகைக்குக்கூட வசதி இல்லாதவர்களுக்கு வெள்ளைப் பூச்சு இருக்கிறது. ஆனால் சென்னைத் தூசியில் அது சீக்கிரம் மங்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவியோ மீண்டும் பூசியோ ஆக வேண்டும். சூரிய மின்தகடுகளைத் தளத்திலிருந்து உயர்த்திப் பொருத்தினால் நிழலும் மின்சாரமும் சேர்ந்து கிடைக்கும். மேற்குச் சுவருக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு ஒரு நல்ல வழி: செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்றிடைவெளி விடுவதால் செங்கல்லில் கால்வாசி மிச்சம், வெப்பமும் குறைவு. குளிரூட்டாத வீட்டில் மற்றச் சுவர்களுக்குக் காப்புப் போடுவது வீண்செலவு.

இவை எல்லாம் கொத்தனார்களுக்குத் தெரியாத வித்தைகள் அல்ல. தடை வேறிடத்தில் இருக்கிறது. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அதன் வெப்பம் மட்டும் மேல்மாடிக்காரருக்குச் சொந்தம். காப்புச் செலவைப் பகிரச் சொல்லும்போது தரைத்தளத்துக்காரர் தயங்குகிறார். ஒழுகினால் பொதுச் செலவு என்று ஒப்புக்கொள்ளும் சங்கங்கள் வெந்தால் தனிச் செலவு என்று நினைக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மழையும் வெயிலும் அதே கூரையின்மீதுதான் விழுகின்றன.

இரண்டாவது தடை விதியின் எல்லையில். 2018 விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. மாநிலங்கள் விரும்பினால் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டு. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் தியாகராய நகரின் உள்தெருக்களிலும் இடித்துக் கட்டப்படுபவை பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு, சில இடங்களில் அரை கிரவுண்டு மனைகள். அவை அனைத்தும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. புறநகர்ப் பெருவளாகத்துக்கு ஒரு விதி, நகரின் நடுவே நெருக்கமாக வெந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு விதியே இல்லை.

2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, அந்த அறிவிப்பைக் கட்டட அனுமதி வரைக்கும் கொண்டுவர வேண்டும். விதித்தொகுப்பு முழுவதையும் சிறு மனைகள்மேல் சுமத்தத் தேவையில்லை. கூரைக்கு 1.2 வாட், திறப்புக்கு 16.66 விழுக்காடு என்ற இரண்டு எண்களை மட்டும் மனையளவு பாராமல் எல்லாப் புதிய வீடுகளுக்கும் கட்டாயமாக்கினால் போதும். அனுமதிக்குத் தரும் வரைபடத்தில் கூரையின் குறுக்குவெட்டும் ஜன்னல் அட்டவணையும் கேட்டாலே சரிபார்த்துவிடலாம். அதுவரை, புது ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் புரமோட்டரிடம் தரை ஓட்டின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், தளத்தின்மேல் என்ன அடுக்குகள் போடப்போகிறார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.